மூன்று விரல்களில் நான்கு எண்கள்: சைகை மொழியும் எண் நினைவும்

கடைக்காரரிடம் மூன்று என்று கையால் காட்ட வேண்டுமென்றால் நம்மில் பலர் சுண்டுவிரலை மடக்கி, அதைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, மற்ற மூன்று விரல்களை நிமிர்த்துவோம். அமெரிக்கச் சைகை மொழி அறிந்த ஒருவர் அதே கையைப் பார்த்தால் ஆறு என்று படிப்பார். அந்த மொழியில் மூன்று என்பதற்குக் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை நிமிர்ந்திருக்க வேண்டும். கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொட்டால் ஆறு. மோதிர விரலைத் தொட்டால் ஏழு. நடுவிரலைத் தொட்டால் எட்டு. சுட்டுவிரலைத் தொட்டால் ஒன்பது. நான்கிலும் நிமிர்ந்து நிற்பவை மூன்றே விரல்கள். விரல்களை எண்ணிப் பார்ப்பவருக்கு நான்கும் மூன்றாகத்தான் தெரியும்.

சைகை மொழி கற்க வருபவர்கள் எண்களை எளிய பாடம் என்று எண்ணிக்கொண்டு வருகிறார்கள். ஒன்று முதல் பத்து வரை ஒரே வகுப்பில் கைக்கு வந்துவிடும். ஆனால் எதிரில் இருப்பவர் தன் கைபேசி எண்ணை இயல்பான வேகத்தில் சொன்னால் நான்காவது ஐந்தாவது இலக்கத்திலேயே நூல் அறுந்துவிடும். பெயர்களும் வினைகளும் ஓரளவு பிடிபட்ட பிறகும் எண்கள் நழுவிக்கொண்டே இருக்கும். இது கற்பவரின் மந்தம் ஆகாது. எண்ணும் நினைவும் கையும் சந்திக்கும் இந்த இடத்தைப் பற்றி அரை நூற்றாண்டாக ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது: எண் சைகை என்பது ஒரு முழுச் சொல். அதை விரல்களின் கூட்டமாகப் பார்க்கும் வரை நினைவில் நிற்காது. சொல்லாகப் பார்க்கத் தொடங்கியதும் நிற்கும். கற்பவருக்கு மட்டும் உரிய குறிப்பு என்று இதை விட்டுவிட முடியாது. காது கேளாத குழந்தைகளின் கணக்கறிவும் இதில் அடங்கியிருக்கிறது.

கையில் அமைந்த இலக்கணம்

பாரிஸ் காது கேளாதோர் பள்ளியில் ஆசிரியராக இருந்த லோரான் கிளெர்க், தாமஸ் காலடெட்டின் அழைப்பை ஏற்று 1816-இல் அமெரிக்கா போனார். அடுத்த ஆண்டு ஹார்ட்ஃபோர்டில் அந்த நாட்டின் முதல் நிரந்தரக் காது கேளாதோர் பள்ளி திறக்கப்பட்டது. பிரெஞ்சுச் சைகைகளும் அங்கே வந்து சேர்ந்த மாணவர்களின் உள்ளூர்ச் சைகைகளும் கலந்து அமெரிக்கச் சைகை மொழி உருவானது. அதன் தடம் எண்களில் இன்றும் இருக்கிறது. நூறு என்பதற்கு 'சி' எழுத்தின் கைவடிவம். ஆயிரம் என்பதற்கு 'எம்' எழுத்தின் வடிவத்தை மற்றொரு உள்ளங்கையில் பதிப்பார்கள். ரோமன் எண்முறையில் நூறும் ஆயிரமும் எப்படி எழுதப்படும் என்று தெரிந்தவர்களுக்கு இவை இரண்டும் உடனே மனத்தில் நிற்கும்.

இந்தச் சைகைகள் ஒலிக்கு நிகரான உறுப்புகளால் ஆனவை என்பதை 1960-இல் வில்லியம் ஸ்டோக்கி காட்டினார். கையின் வடிவம், அது நிற்கும் இடம், அதன் அசைவு ஆகிய மூன்றில் ஒன்று மாறினாலும் சொல் மாறிவிடும். உள்ளங்கை நோக்கும் திசையைப் பின்வந்த ஆய்வாளர்கள் நான்காவதாகச் சேர்த்தார்கள். எண்களில் இந்த நான்கும் வேலை செய்கின்றன. பொருள்களின் எண்ணிக்கையைச் சொல்லும்போது ஒன்று முதல் ஐந்து வரை உள்ளங்கை சொல்பவரை நோக்கியிருக்கும்; ஆறு முதல் ஒன்பது வரை வெளியே பார்க்கும். அதே ஒன்றும் இரண்டும் தொலைபேசி எண்ணில் வரும்போது உள்ளங்கை வெளியே திரும்பும். பதினொன்றும் பன்னிரண்டும் விரலைச் சுண்டும் அசைவால் ஆனவை. இருபத்திரண்டு, முப்பத்து மூன்று போன்றவற்றில் ஒரே வடிவம் பக்கவாட்டில் நகர்ந்து இரண்டு முறை பதியும்.

எண் இன்னொரு சொல்லுக்குள்ளும் புகுந்துகொள்ளும். வாரம் என்ற சைகையைச் செய்யும் கை மூன்றின் வடிவத்தை எடுத்துக்கொண்டால் மூன்று வாரம் என்று பொருள். வயதைச் சொல்ல எண்ணைத் தாடையிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்று முதல் பத்து வரை படமாக அச்சிட்ட அட்டைகளில் இவற்றில் பெரும்பகுதி இருக்காது. அட்டை வடிவத்தைக் காட்டும். அசைவையும் இடத்தையும் திசை மாற்றத்தையும் காட்டாது. அட்டையை மனப்பாடம் செய்தவர் நேரில் தடுமாறுவதற்கு முதல் காரணம் இது.

நினைவு எதைப் பிடித்துக்கொள்கிறது

சில நொடிகளுக்கு மட்டும் ஒன்றை நினைவில் வைத்திருக்கும்போது காது கேட்பவர்கள் அதை ஒலியாகவே வைத்திருக்கிறார்கள். எழுத்துகளைக் கண்ணால் பார்த்தவர்கள்கூட, திரும்பச் சொல்லும்போது ஒலியில் ஒத்த எழுத்துகளையே மாற்றிச் சொல்கிறார்கள் என்று ஆர். கான்ராட் 1964-இல் காட்டினார். ஆலன் பேடலியும் கிரஹாம் ஹிட்சும் 1974-இல் முன்வைத்த செயல்நினைவுக் கோட்பாட்டில் இதற்கு ஒரு தனி இடம் கிடைத்தது. கேட்டது மங்கிப்போகும் முன் மனத்துக்குள் அதை மீண்டும் மீண்டும் சொல்லி உயிரோடு வைத்திருக்கும் ஒரு சுழற்சி நமக்குள் இயங்குகிறது என்றார்கள் அவர்கள்.

காது கேளாதவர்களிடம் என்ன நடக்கிறது? அர்சுலா பெலூகி, எட்வர்ட் கிளைமா, பாட்ரிசியா சிப்பிள் ஆகிய மூவரும் 1970-களின் நடுவில் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கு விடை தந்தது. சைகைகளின் பட்டியலைப் பார்த்துவிட்டுத் திரும்ப நினைவுகூர்ந்தவர்கள், நண்பகல் என்ற சைகை இருந்த இடத்தில் மரம் என்று எழுதினார்கள். பொருளில் இரண்டுக்கும் தொடர்பில்லை; ஆங்கில ஒலியிலும் ஒற்றுமை இல்லை. ஆனால் இரண்டு சைகைகளிலும் ஒரு முன்கை மற்றொரு கையின் மேல் செங்குத்தாக நிற்கும். பிழை நேர்ந்த இடம் கையின் வடிவத்தில். அவர்களுடைய நினைவு சைகையைச் சைகையாகவே வைத்திருந்தது என்பதற்கு அந்தப் பிழையே சான்று.

மார்கரெட் வில்சனும் கரென் எம்மரியும் 1997, 1998 ஆண்டுகளில் இதை மேலும் கொண்டுபோனார்கள். வடிவத்தில் ஒத்த சைகைகள் அடுத்தடுத்து வந்தால் நினைவு குறைகிறது. நீண்ட அசைவு கொண்ட சைகைகள் என்றாலும் குறைகிறது. பார்க்கும்போது கைகளைப் பொருளற்ற வேறு அசைவில் ஈடுபடுத்தினாலும் குறைகிறது. காது கேட்பவர்களிடம் ஒத்த ஒலியும் நீண்ட சொல்லும் வாயை வேறு வேலையில் அமர்த்துவதும் விளைவிப்பதை இவை அப்படியே விளைவிக்கின்றன. மனத்துக்குள் சொல்லிக்கொள்ளும் சுழற்சி கையாலும் இயங்கும் என்பது இதனால் உறுதியானது.

எண்களின் சிக்கல் இங்கேதான் வெளிப்படுகிறது. அமெரிக்கச் சைகை மொழியில் ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாமே ஒற்றைக் கையால், ஏறத்தாழ ஒரே இடத்தில், பெரிய அசைவின்றிச் செய்யப்படுபவை. அவற்றைப் பிரித்துக் காட்டுவது விரல் நிலை மட்டுமே. ஒத்த வடிவங்கள் அடுத்தடுத்து வந்தால் நினைவு தடுமாறும் என்றால், எண் வரிசையைவிடக் கடினமான பட்டியலைத் தேடிக் கண்டுபிடிப்பதே அரிது. பிறப்பிலிருந்து சைகை மொழியில் வளர்ந்தவர்களுக்கும் இந்தச் சுமை உண்டு. புதிதாகக் கற்பவருக்கு அது பல மடங்கு.

ஏழா, ஐந்தா?

மனிதர் ஒரு நேரத்தில் ஏழு உருப்படிகளை, இரண்டு கூடவோ குறையவோ, நினைவில் பிடிக்க முடியும் என்று 1956-இல் ஜார்ஜ் மில்லர் எழுதியது உளவியலின் புகழ்பெற்ற கட்டுரைகளுள் ஒன்று. 2004-இல் ம்ரிம் பூட்லா, டெட் சுபல்லா, எலிசா நியூபோர்ட், டாஃப்னி பாவ்லியே ஆகியோர் அமெரிக்கச் சைகை மொழி பேசுபவர்களின் நினைவு வீச்சு ஐந்துக்கு அருகில்தான் இருக்கிறது என்று அறிவித்தார்கள். அப்படியானால் சைகையில் நினைவு குறைவா? வில்சனும் எம்மரியும் 2006-இல் மறுத்தார்கள். ஆங்கில எண் சொற்கள் மிகக் குறுகியவை, ஒன்றோடொன்று ஒலியில் ஒவ்வாதவை. அவற்றால் கிடைக்கும் ஏழு என்ற அளவே சற்று உயர்த்தப்பட்டது என்றார்கள். சொல்ல ஆகும் நேரத்திலும் ஒற்றுமையிலும் சமப்படுத்திய எழுத்துகளை வைத்துச் சோதித்தபோது வேறுபாடு மறைந்தது என்பது அவர்கள் முடிவு. பாவ்லியே குழுவினர் தங்கள் முடிவில் உறுதியாக நின்றார்கள்.

இதற்கு முன்பே ஒரு சான்று இருந்தது. வெல்ஷ், ஆங்கிலம் இரண்டும் அறிந்தவர்கள் வெல்ஷ் எண்களைக் குறைவாகவும் ஆங்கில எண்களை அதிகமாகவும் நினைவில் வைக்கிறார்கள் என்று 1980-இல் எல்லிஸ், ஹென்னலி ஆகியோர் கண்டார்கள். ஒரே ஆள், ஒரே மூளை. வெல்ஷ் எண் சொற்களை உச்சரிக்கக் கூடுதல் நேரம் ஆகிறது, அவ்வளவே. எண்களை நினைவில் வைக்கும் திறன் என்று நாம் அளப்பதில் ஒரு பகுதி அந்த மொழியின் எண் சொற்களுடைய நீளம்.

விவாதம் முழுதாக முடியாவிட்டாலும் இரண்டு செய்திகள் நிலைபெற்றுவிட்டன. ஒன்று, வேறுபாடு தோன்றுவது தொடர்பற்ற உருப்படிகளை அதே வரிசையில் திரும்பச் சொல்லும்போது மட்டும். எந்த வரிசையிலும் சொல்லலாம் என்றால் சைகையாளரும் பேசுபவரும் சமம். நினைவில் வைத்துக்கொண்டே வேறொன்றையும் செய்யும் செயல்நினைவிலும் சமம். இரண்டு, ஒலிக்கு இல்லாத ஒரு வலிமை சைகைக்கு உண்டு. எண் வரிசையைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னால் காது கேட்கும் குழந்தைகள் வெகுவாகத் தடுமாறுகிறார்கள். சைகை மொழியில் பிறந்து வளர்ந்த காது கேளாத குழந்தைகள் நேராகச் சொல்வது போலவே தலைகீழாகவும் சொல்கிறார்கள் என்று வில்சனும் அவருடைய சகாக்களும் 1997-இல் பதிவு செய்தார்கள்.

இதற்கு நடைமுறையில் பெரிய விளைவு உண்டு. குழந்தைகளின் அறிவுத்திறனை அளக்கும் வெக்ஸ்லர் சோதனைகளில் எண் வரிசையைத் திரும்பச் சொல்வது ஒரு பகுதி. காது கேட்கும் குழந்தைகளை வைத்து வகுத்த அளவுகோலால் சைகையில் பதில் சொல்லும் குழந்தையை அளந்து, நினைவாற்றல் குறைவு என்று சான்றிதழ் எழுதுவது அநியாயம். அந்தக் குழந்தையின் மொழியில் எண்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று அறியாத எவரும் அந்தச் சான்றிதழில் கையெழுத்திடக் கூடாது.

நிகராகுவாவில் கண்டது

நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவில் 1977-இல் சிறப்புப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டபோது, அதுவரை தனித்தனி வீடுகளில் வளர்ந்த காது கேளாத குழந்தைகள் ஓரிடத்தில் கூடினார்கள். அவர்கள் தங்களுக்குள் உருவாக்கிய நிகராகுவா சைகை மொழியை உலகின் மொழியியலாளர்கள் இன்றும் ஆராய்கிறார்கள். அந்தப் பள்ளிக்கு வராமல், வீட்டாரோடு தாமே புனைந்த சைகைகளால் மட்டும் பேசி வளர்ந்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். எலிசபெட் ஸ்பேப்பனும் உடன் ஆய்வாளர்களும் அப்படிப்பட்ட நான்கு பெரியவர்களைச் சந்தித்தார்கள். நால்வரும் உழைத்துச் சம்பாதிப்பவர்கள், பணத்தைக் கையாள்பவர்கள், எண்களைச் சுற்றி வாழ்பவர்கள். எண்ணிக்கையைச் சொல்ல விரல்களையும் பயன்படுத்தினார்கள். ஆனால் மூன்றைத் தாண்டினால் அவர்கள் நீட்டிய விரல்கள் எதிரில் இருந்த பொருள்களின் எண்ணிக்கைக்குச் சரியாகப் பொருந்தவில்லை. 2011-இல் வெளிவந்த முடிவு இது.

இரண்டு ஆண்டு கழித்து வந்த தொடர் ஆய்வு நினைவைச் சோதித்தது. பொருள், செயல், பண்பு ஆகியவற்றுக்கான வீட்டுச் சைகைகளை அவர்கள் மற்றவர்களுக்கு இணையாக நினைவில் வைத்தார்கள். எண்களில் மட்டும் பின்தங்கினார்கள். எண்ணின் மதிப்பு கூடக் கூட நினைவும் குறைந்தது. நிகராகுவா சைகை மொழி அறிந்தவர்களிடமும், பள்ளிக்குப் போகாத, காது கேட்கும் ஸ்பானிய மொழிக்காரர்களிடமும் அந்தக் குறைவு இல்லை. காரணம் தெளிவு. மொழி அறிந்தவருக்கு நான்கு என்பது ஒரே உருப்படி. வீட்டுச் சைகைக்காரருக்கு நான்கு விரல் என்பது ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று. நான்கு உருப்படிகளை அவர் தனித்தனியே சுமக்க வேண்டியிருக்கிறது.

விரல்கள் எல்லாரிடமும் இருக்கின்றன. நான்கு தனி விரல்களை நான்கு என்ற ஒரே கருத்தாகக் கட்டித் தருவது மொழி. கையைப் பார்த்து எண்ணிக்கொண்டிருக்கும் புதிய மாணவர், அந்த நேரத்துக்கு மட்டும், வீட்டுச் சைகைக்காரர் சுமக்கும் அதே சுமையைச் சுமக்கிறார். அவரைப் பயிற்சி விடுவிக்கும். மொழியே கிடைக்காதவரை விடுவிக்க எதுவும் இல்லை.

கற்பவர் செய்யக்கூடியவை

முதலில், எண்ணுவதை நிறுத்த வேண்டும். ஒன்றிலிருந்து பத்து வரை வரிசையாகச் சொல்லிப் பழகினால் ஏழைக் காண ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து ஏறி வர நேரிடும். எட்டு, மூன்று, ஆறு, ஒன்பது என்று கலைத்துப் பார்த்துப் பழக வேண்டும். குறிப்பாக மூன்றையும் ஆறையும், ஏழையும் எட்டையும் அருகருகே வைத்துப் பிரித்தறியப் பயில வேண்டும். குழப்பம் எங்கே பிறக்கிறதோ அங்கேதான் பயிற்சிக்கு மதிப்பு.

தமிழ்க் கைகளுக்கு இங்கே ஒரு நல்வாய்ப்பு உண்டு. கர்நாடக இசையில் தாளம் போடும்போது லகுவின் தட்டுக்குப் பின் சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல், கண்ட சாதி என்றால் சுட்டுவிரல் என்று எண்ணிக்கொண்டு போகிறோம். அமெரிக்கச் சைகை மொழியின் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது கட்டைவிரலால் தொட்டுப் போவதும் இதே வரிசையில்தான். பாட்டு வகுப்புக்குப் போன கைக்கு இந்த நான்கு எண்களின் வரிசை ஏற்கெனவே தெரியும். தொடக்கத்தில் பிடித்துக்கொள்ள இது நல்ல துணை. எண்கள் சொற்களாகப் பதிந்த பிறகு இதை விட்டுவிடலாம்.

அடுத்து, செய்வதைவிடப் பார்ப்பதற்கு அதிக நேரம் தர வேண்டும். தன் கையால் எண் காட்டுபவர் தன் கையைப் பின்னிருந்து பார்க்கிறார். எதிரில் இருப்பவர் காட்டும்போது அது வேறு பக்கத்திலிருந்து தெரிகிறது. வயது, விலை, பேருந்து எண், பிறந்த ஆண்டு என்று பொருளோடு வரும் எண்களைக் காது கேளாத ஆசிரியர் ஒருவரிடமிருந்து பார்த்துக் கற்பதற்கு இணையானது வேறில்லை. சைகை அறியாத, காது கேட்கும் 103 பேரை வைத்து 2018-இல் மார்ட்டினெஸ், சிங்கிள்டன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், அசைவுகளைப் பார்த்துச் சிறிது நேரம் நினைவில் வைக்கும் திறனும் புதிய சைகைகளைக் கற்கும் திறனும் சேர்ந்தே உயர்ந்தன. கண் பழகுவது பாடத்தின் அடித்தளம்.

நீண்ட எண்ணைப் பிடித்து வைக்க, காது கேட்கும் மாணவர் மனத்துக்குள் அதைத் தன் பேச்சு மொழியில் சொல்லிக்கொள்வது இயல்பு. அதற்காக வெட்கப்பட வேண்டாம். இரு மொழியும் அறிந்த, காது கேட்பவர்களை மேத்யூ ஹாலும் பாவ்லியேயும் சோதித்து 2011-இல் வெளியிட்ட முடிவின்படி, வரிசையை மனத்தில் பேச்சாகப் பதிப்பது வீச்சைக் கூட்டுகிறது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: திரும்பச் சொல்லும்போது சைகையில் சொன்னவர்களின் வீச்சு சிறிதளவு உயர்ந்தது. ஆகவே பார்த்த எண்ணை வாயால் சொல்லிச் சரிபார்ப்பதோடு நிறுத்தாமல் கையால் திருப்பிச் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவருக்கும் எண் சரியாகப் போய்ச் சேர்ந்தது என்ற உறுதி கிடைக்கும்.

இந்தியாவில்

இந்தியச் சைகை மொழியில் இந்தப் பாடம் இன்னும் கவனம் கோருகிறது. டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் நகரங்களின் சைகைகளை 1970-களில் ஒப்பிட்ட மதன் வசிஷ்டா, ஜேம்ஸ் உட்வர்ட் குழுவினர், சொற்களில் வட்டார வேறுபாடு இருப்பதையும் அவை நெருங்கிய உறவு கொண்டவை என்பதையும் பதிவு செய்தார்கள். எண்கள் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுவது உலகெங்கும் உள்ளது. பிரிட்டனில் எட்டு நகரங்களில் 249 காது கேளாதோரைப் பதிவு செய்த தொகுப்பில் எண் சைகைகள் ஊருக்கு ஊர் வேறுபட்டன; இளையவர்களிடம் பழைய வட்டார வடிவங்கள் குறைந்துவருவதும் தெரிந்தது. கர்நாடகத்தின் அலிப்பூர் கிராமத்தில், பரம்பரையாகக் காது கேளாதோர் பலர் வாழ்வதால் தனிச் சைகை மொழி வளர்ந்திருக்கிறது. அதையும் மெக்சிகோ, துருக்கி நாடுகளின் இரண்டு சிறு சமூகச் சைகை மொழிகளையும் 2013-இல் ஒப்பிட்ட உல்ரிக்கே செஷான் குழுவினர், பத்தை அடியாகக் கொள்ளாத எண்முறையும் கழித்துச் சொல்லும் முறையும் சைகை மொழிகளில் உண்டு என்று காட்டினார்கள்.

2015-இல் டெல்லியில் தொடங்கப்பட்ட இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021-இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது. நாடு முழுவதும் சைகை மொழியைத் தரப்படுத்த வேண்டும் என்கிறது 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. பாடநூலுக்குப் பொது வடிவம் தேவை. ஆனால் குழந்தையின் ஊரில் பெரியவர்கள் பயன்படுத்தும் எண் சைகையைத் தவறு என்று திருத்தும் அதிகாரத்தை அது யாருக்கும் தரக் கூடாது. வட்டார எண்களைப் பதிவு செய்வதும், அந்தந்த ஊர்க் காது கேளாதோரையே ஆசிரியர்களாக அமர்த்துவதும் தரப்படுத்தலோடு சேர்ந்து நடக்க வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறைபாடுள்ளோர் சுமார் 50 லட்சம் பேர். காது கேளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறப்பவர்கள். வீட்டில் சைகை மொழி இருப்பதில்லை. அந்தக் குழந்தைக்குக் கணக்கு வரவில்லை என்று பள்ளியில் சொல்வதற்கு முன், எண்களுக்கான மொழி அதற்கு எந்த வயதில், யார் மூலம் கிடைத்தது என்று கேட்க வேண்டும். காது கேளாத குழந்தை உள்ள வீட்டில் தாயும் தந்தையும் தாத்தா பாட்டியும் இன்றே சைகை மொழி கற்கத் தொடங்குங்கள். எத்தனை இட்லி, எத்தனை மணி, எத்தனை ரூபாய் என்று எண்களோடு சேர்த்துப் பேசுங்கள். உங்கள் கை தடுமாறினாலும் பரவாயில்லை. உங்களுக்குப் பயிற்சியால் தீரும் சிரமம் அது; குழந்தைக்கோ எண்ணறிவின் வாசலே அதுதான்.